நெல்லிப்பாறையின் ஒரே நம்பர்

மொரப்பூரில் ரயிலேறி சேலத்துக்குப் போய் கம்ப்யூட்டர் படித்தவள் கலைமணி. மஞ்சள் காட்டுக்காரர் மகள். கொஞ்ச காலம் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்தவள், அங்கே விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் அவளுக்குக் கிடைத்த பெயர், பிரிண்டரில் சிக்கிய பேப்பரை இழுத்துவிடும் பொண்ணு என்பதுதான். அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தப் பெயரை மாற்றியது அவள் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடும் சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம். மலையிலும் அடிவாரத்திலும் வீடு வீடாகப் போய் உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கு ஒரு குழு இருந்தது. அவர்கள் செல்போனில் பதிவதெல்லாம் சாயங்காலம் ஜேசன் என்ற வகைக் கம்ப்யூட்டர் கோப்பாக வந்து சேரும். குடும்பத்துப் பெரியவர் பெயர், ஊர், விளைவது சாமையா கேழ்வரகா, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். முன்பெல்லாம் அதை ஒருவர் கண் வலிக்கப் பார்த்துப் பார்த்து டைப் அடிப்பார். கலைமணியின் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைத் தானே திறந்து, ஒவ்வொரு குடும்பத்தையும் எடுத்து, இதே போன் நம்பரில் கம்பெனியின் டேட்டாபேஸில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும். இருந்தால் அந்தப் பதிவில் புது விவரத்தை எழுதும். இல்லையென்றால் புதுப் பதிவு போடும். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மேனேஜர் மாதவராஜ் அதுவரை உறுப்பினர்களின் விளைச்சலை வாங்கி ஏற்றிவரும் சரக்கு வண்டி எந்தெந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதை மனக்கணக்கிலேயே முடிவு செய்துவந்தவர். "இனிமே ஸ்கிரீன்ல இருக்கறதை நம்புங்க சார்" என்று சொல்லிச் சொல்லி அவரை வழிக்குக் கொண்டுவர கலைமணி பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் நம்பினார். வினையும் அங்கேதான் வந்தது.

ஒரு மத்தியானம் சித்தேரி மலை பஸ்ஸிலிருந்து இறங்கி சின்னக்கா ஆபீசுக்கு வந்தாள். மலைமேல் நெல்லிப்பாறைக்காரி. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் வண்டி வருதுங்க. எங்கூருக்கு மட்டும் வரலீங்க. சாமையை அடிச்சி மூட்டை கட்டி வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கறோம். மழை புடிச்சிக்கிட்டா என்னாங்க பண்றது?"

கலைமணி திரையைப் பார்த்தாள். நெல்லிப்பாறை, உறுப்பினர் ஒருவர், பெயர் செல்லன்.

"உங்க ஊர்ல செல்லன் மட்டும்தானே சேர்ந்திருக்காரு."

"அவரு ஒருத்தருதான் ஊராங்க? அப்ப நானு யாரு?" என்றாள் சின்னக்கா. ஊரே திரண்டு பேர் கொடுத்ததாகச் சத்தியம் பண்ணினாள்.

மாதவராஜ் கலைமணியிடம் கையை விரித்தார். "ஒரே ஒரு மெம்பருக்கு மலை மேல வண்டி வுட முடியுமாம்மா? ஸ்கிரீனை நம்பச் சொன்னது நீதானே. நம்பிட்டேன். நாளைக்குக் காலைல ரூட்டு போடறேன். போட்டா போட்டதுதான், டிரைவருங்க கிட்ட மாத்திப் பேச முடியாது."

நெல்லிப்பாறை அந்த ரூட்டில் இல்லையென்றால் மூட்டைகளைத் தலையில் வைத்துத் தார் ரோடு வரைக்கும் சுமக்க வேண்டும். சின்னக்கா கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் கலைமணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலக் கோப்பு வந்து பதிவானதும் மறுபடி பார்த்தாள். நெல்லிப்பாறையில் செல்லனைக் காணோம். அவர் இருந்த இடத்தில் குள்ளம்மாள் என்று யாரோ இருந்தார். போன் நம்பர் மட்டும் அதே நம்பர். கலைமணி அந்த நம்பரைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"குள்ளம்மாளுங்களா?"

"இல்லீங்க. அவங்க வூட்டுக்குப் போயிட்டாங்க. சேதி சொல்லுங்க, சொல்லிடறேன்."

"செல்லன் இருக்காரா?"

"காட்டுல இருக்காரு. அவருக்குன்னாலும் எங்கிட்டயே சொல்லுங்க."

"இது யாரு நம்பருங்க?"

"எங்கூரு நம்பருங்க" என்றாள் அந்தப் பெண், இதென்ன கேள்வி என்பது போல. "இந்தப் பலாமரத்துக்கிட்டதான் டவரு எடுக்கும். செல்லன் போனைப் பையில போட்டு மரத்துல மாட்டி வச்சிருக்கறோம். அந்தப் பக்கம் போறவங்க எடுப்போம். கேக்கறவங்களுக்கெல்லாம் இந்த நம்பருதான் குடுக்கறது."

கலைமணிக்குச் சிரிப்பு வந்தது. உடனே தன்மேலேயே எரிச்சலும் வந்தது. ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள் என்று அவள் எழுதியிருந்தாள். நெல்லிப்பாறையில் ஒரு நம்பர் என்றால் ஒரு ஊர். ஸ்கிரிப்ட் அதற்குச் சொன்னதை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது: ஒரு வீட்டை எழுதி, அதன்மேல் அடுத்த வீட்டை எழுதி, முழு ஊரையும் அழித்து அழித்துக் கடைசி வீட்டை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.

மறுநாள் ஆபீஸ் பூட்டைத் திறந்ததே அவள்தான். ஜேசன் கோப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒரு அடையாளக் குறி வரும். குழுவின் செயலி தானாகப் போடுவது. இரண்டு குடும்பத்துக்கு ஒரே குறி வராது, ஒரு குடும்பத்தின் விவரத்தை எத்தனை முறை திருத்தினாலும் குறி மாறாது. இது நமக்கெதுக்கு என்று அவள் அதைத் தொடாமல் விட்டிருந்தாள். இப்போது டேட்டாபேஸில் அதற்கென்று ஓர் இடம் திறந்து, ஆளைக் கண்டுபிடிப்பது இனி அந்தக் குறியால்தான் என்று மாற்றினாள். போன் நம்பர் வெறும் விவரமாகப் பின்வரிசைக்குப் போனது. நல்லவேளை, வந்த கோப்பு எதையும் அவள் அழித்ததில்லை. பழைய பதிவுகளைத் துடைத்துவிட்டு எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து ஓட்டினாள்.

மலை ஊர்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நெல்லிப்பாறையில் செல்லன் வந்தார், குள்ளம்மாள் வந்தார், சின்னக்கா வந்தாள், திரை கொள்ளாமல் ஊரே வந்து நின்றது. அடிவாரத்தில் வேறு கூத்து: மூன்று சிம் வைத்துக்கொண்டு, குழு விவரம் திருத்த வரும்போதெல்லாம் வேறு நம்பர் கொடுத்து, மூன்று உறுப்பினராக உலாத்திக்கொண்டிருந்த ஆசாமி ஒருவர் ஒற்றை ஆளாகச் சுருங்கினார். சந்தேகம் தீர அதே கோப்புகளை இன்னொரு முறை ஓட்டினாள். புதுப் பதிவு ஒன்றுகூட ஏறவில்லை, இருந்ததில் ஒன்றும் மறையவில்லை. யாருமில்லாத ஆபீசில் கலைமணி மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

மாதவராஜ் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நேத்து ஒருத்தரு. இன்னிக்கு ஒரு ஊரா?"

"நேத்து இருந்தது என் தப்பு சார். இது அவங்க ஊரு."

அவர் கொஞ்ச நேரம் பெயர்களைப் படித்தார். பிறகு போர்டில் மலை ரூட்டில் முதல் ஊராக நெல்லிப்பாறையை எழுதினார். "மெசேஜை அனுப்பும்மா" என்றார்.

கலைமணி பட்டனைத் தட்டினாள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவரவர் பெயர் போட்டு, நாளைக்கு வண்டி வருகிறது என்ற செய்தி போனது. சற்று நேரத்தில் பலாமரத்து நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. சின்னக்காதான்.

"என்னா பண்ணி வச்சிருக்க கண்ணு? மரம் கத்திக்கிட்டே இருக்குது. சத்தம் கேட்டு ஊரே வந்து நிக்குது."

அவள் பேசப் பேசவே போன் டிங் டிங் என்று ஒலித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு செய்தி. எல்லாம் அந்த ஒரே போனுக்கு.

"அதுல உங்க பேரு வந்திருக்கா?"

"செல்லன்தான் படிச்சாரு. எல்லாரு பேரும் வந்திருக்குது. எம் பேரு மட்டும் இன்னும் வரல."

மறுபடி ஒரு டிங். போன் கை மாறியது. அந்தப் பக்கம் செல்லன் உரக்கப் படித்தார். "வணக்கம் சின்னக்கா."

"வந்திருச்சி கண்ணு" என்றாள் சின்னக்கா. "போனை வய்யி. நான் போயி மூட்டையை வெளிய எடுத்து வெக்கறேன்."