ஒட்டிய கோப்பை

இது கட்டுக்கதை என்பவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுச் சொல்லட்டும்.

பழைய நீலக்கோலப் பீங்கான் கோப்பை என்றால் எனக்குப் பைத்தியம். ஐந்து சேர்ந்தால்தான் ஒரு செட். என்னிடம் நாலு இருந்தன. ஐந்தாவதுக்காக ஒன்பது வருடம் கியோட்டோவின் கோயில் சந்தைகளில் நாயாய் அலைந்தேன். கடைசியில் வியாபாரி குரோய்வா ஒரு பொட்டலத்தை நீட்டினான். ஆறு துண்டுகள். அதே கொடிக்கோலம், அதே நீலம். ஒரு மாதம் உட்கார்ந்து அரக்கு வைத்து ஒட்டி, விரிசலில் தங்கப்பொடி பூசினேன்.

அலமாரியில் வைத்த மறுநாள் காலை, விளிம்பு பிசுபிசுத்தது. முகர்ந்தேன். ஊத்தை வாய் நாற்றம்.

"ஷிஹோ, இதுல டீ குடிச்சியா?"

"உடைஞ்சதுல நான் ஏங்க வாய் வைக்கிறேன்? உங்க குப்பையை நீங்களே நக்குங்க" என்றாள் என் மனைவி.

அடுத்த நாள் அடியில் வெள்ளையாய்க் கூழ்... மென்ற சோறு. எச்சிலோடு. எலி வேலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தினமும் கழுவினேன். தூக்கி எறிய மனம் வரவில்லை. அந்த ஆசையை நினைத்தால் இன்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வாரத்தில் ஷிஹோவின் கன்னம் ஒட்டிப்போனது. "நல்லாத்தானே சாப்பிடுறேன்" என்றாள்.

அன்று காலை 6:10. சமையலறையில் சத்தம்.

சப்... சப்...

எட்டிப் பார்த்தேன். ஷிஹோ முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. வாய் மட்டும் மென்றது. மென்றதைக் கோப்பையில் துப்பினாள்.

எதிரே யாருமில்லை. அந்தப் பக்கம் நீட்டினாள்.

"மெதுவாச் சாப்பிடுங்க, மாமா."

என் அப்பா இறந்து முப்பது வருடம்.

சப்...

கோப்பை காலியானது.

பிடுங்கித் தரையில் அடித்தேன். குரோய்வாவுக்குப் போன் போட்டேன்.

"எங்கடா எடுத்த அதை?"

"சாவு வீட்டு வாசல்ல பொறுக்கினேண்ணே. அஞ்சாவது, அஞ்சாவதுன்னு நீங்கதானே துடிச்சீங்க!"

எங்கள் பக்கம் சவப்பெட்டி கிளம்பும்போது, இறந்தவர் சோறு தின்ற கோப்பையை வாசலில் போட்டு உடைப்போம். இனி உனக்கு இங்கே சோறில்லை, திரும்பாதே என்று. அதைத்தான் நான் தங்கம் பூசி ஒட்டியிருக்கிறேன்.

"கிழவருக்குப் பல்லே இல்லண்ணே. மருமக மென்னு துப்பினதைத்தான் தின்னாராம்."

"அவ இப்ப எங்க?"

"அவருக்கு ஒரு வாரம் முன்னாடியே போயிட்டா. எலும்பும் தோலுமா... பட்டினியாம்."

கோப்பை உடைந்து இரண்டு மாதமாகிறது. இன்று காலை ஷிஹோவின் எடை இன்னும் இறங்கி முப்பத்தாறு கிலோ.