கத்தரித்த நாற்பத்தேழு

என் மேசை இழுப்பறையில் ஒரு துணித்துண்டு கிடக்கிறது. தீப்பெட்டி அகலம்கூட இல்லை. பழுப்பேறிய வெள்ளைத் துணி, அதில் சிவப்பு நூலில் தைத்த ஏழு. இடது ஓரம் மட்டும் கத்தரியால் நேராக வெட்டியிருக்கும். வெட்டியது நான்தான். வெட்டுவதற்கு முன் அந்த ஏழுக்குப் பக்கத்தில் ஒரு நான்கு இருந்தது.

அக்கா என்று நான் கூப்பிடுகிறவர் எங்கள் பனியன் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். தெற்கே கடற்கரைப் பக்கம் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தவர். மூன்று வயதில் யாரோ கொண்டுவந்து விட்டார்கள் என்பதற்கு மேல் தன்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. விடுதியை மூடியபோது, நடத்திய வெள்ளைக்கார அம்மாமார் பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். சட்டைக் கழுத்தில் தைத்திருந்த நாற்பத்தேழு என்ற எண்தான் அவருக்கு மிச்சம். நாற்பது வயது தாண்டியும் கம்பெனி ஹாஸ்டலில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கேட் திறப்பார்கள், சர்ச்சுக்குப் போய் வரலாம். ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு வந்ததுதான் என் பயணம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

நான் நல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் அனுப்புவதும் சாம்பிள் அனுப்புவதும் என் வேலை. ஜன்னலே இல்லாத என் அறையில் மட்டும்தான் இன்டர்நெட் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வந்து நின்றார். உலகத்தில் இருக்கிறதெல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறதாமே, என் அம்மா பேரும் இருக்குமா என்று கேட்டார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு பெயர்தான்.

தேடத் தெரியும் என்ற கர்வம் எனக்கு இருந்தது, இரண்டு நாளில் போயிற்று. விடுதியின் பெயரை அடித்தால் கடற்கரை ஓட்டல்கள் வந்து விழுந்தன. மிஷனின் பெயரை அடித்தால் படித்து முடியாத சரித்திரம் வந்தது. கடைசியில் அம்மாமாரின் ஊர்ப்பெயரோடு சேர்த்துத் தேடியதில் அங்குள்ள ஓர் ஆவணக் காப்பகத்தின் பட்டியல் கிடைத்தது. ஆவணங்கள் அதில் இல்லை, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற விவரம்தான் இருந்தது. எங்கள் பேக்கிங் லிஸ்ட் மாதிரி என்றதும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. விடுதியின் பெயர், சேர்க்கைப் பதிவேடு, ஒரு தொகுதி. பக்கத்திலேயே, இன்ன ஆண்டு வரை பார்வைக்கு இல்லை என்று போட்டிருந்தது. அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அந்த ஆண்டு வரும்போது அவருக்கு நூறு வயது தாண்டியிருக்கும்.

மெயில் போட்டேன். மிக மரியாதையான பதில் வந்தது. குழந்தைகளின் விவரங்களைப் பாதுகாக்கவே பூட்டி வைத்திருக்கிறார்களாம். அந்தக் குழந்தையே கேட்டால் அவர் விவரத்தைக் காட்டலாம், ஆனால் அவர்தான் என்பதற்குப் பெற்றோர் பெயருள்ள சான்று வேண்டும். நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா அம்மா பேரு தெரிஞ்சா நான் எதுக்கு இவுககிட்ட வந்து கேக்கேன்?"

மறுநாள் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த எண் தைத்த துணியை எடுத்து வந்தார். இதுதான் என் சான்று, அனுப்பு என்றார். திருப்பூரில் வெளிநாட்டுக்காரர் எது கேட்டாலும் நாங்கள் காகிதம் தேட மாட்டோம், துணியை கூரியரில் போடுவோம். போடும் முன் இரண்டாக வெட்டி ஒரு பாதியை வைத்துக்கொள்வோம். அனுப்பிய சாம்பிள் ஒருநாளும் திரும்பி வராது. என் கை தானாகக் கத்தரியை எடுத்தது. அக்கா பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முழுசா அனுப்பக் கூடாதுங்க அக்கா. பாதி நம்மகிட்ட இருக்கோணும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். நான்கு இருந்த பாதியை வெட்டி அனுப்பினேன், ஏழை அவரிடம் கொடுத்தேன். மேசைமேலேயே ஸ்கேனர் இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை வருடத்தில் என்னை நான் திட்டிக்கொள்ளாத நாள் குறைவு.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. துணியைச் சான்றாக ஏற்க இயலாது, ஆனால் அரிய பொருள் என்பதால் விடுதியின் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டோம், நன்றி. திருப்பிக் கேட்டு மூன்று மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த வருடம் ஆர்டர் குறைந்து கம்பெனி ஆள் குறைத்தபோது அக்காவும் போனார். போகும்போது ஏழு தைத்த துண்டை என் கையில் வைத்தார். "ஒங்கிட்டயே இருக்கட்டும் பிள்ள, அந்தப் பாதி வந்தா சேத்து வச்சிரு" என்றார். வேறொரு ஊர் மில் ஹாஸ்டலில் இருப்பதாக ஒருமுறை போன் செய்தார். பிறகு நான் கூப்பிட்டபோது அந்த எண்ணில் யாரோ இந்தியில் பேசினார்கள்.

போன வாரம் எதையோ தேடப்போய் அந்தப் பட்டியலை மறுபடி திறந்தேன். பதிவேட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. துணித்துண்டு ஒன்று, சிவப்பு நூலில் எண் நான்கு. அனுப்பியவர் என்ற இடத்தில் அக்காவின் முழுப்பெயர். அதற்குப் பக்கத்திலும் அதே ஆண்டு, அதே பூட்டு.

இழுப்பறையிலிருந்து ஏழு தைத்த துண்டை எடுத்துத் திரையில் அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் பெயரை வெளியே எடுத்துத் தருகிறேன் என்றுதான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். அக்காவையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.