அண்ணிக்கு முட்டி சரியில்லை

மைதானத்தில் அவளுக்குப் பெயர் ஆணி. பத்தொன்பது வயதில் கால்பந்து கிளப்பில் ஒப்பந்தம் போட்ட முதல் வாரமே கோச் வைத்த பெயர் அது. "நடுவுல அடிச்சு வச்ச ஆணி மாதிரி நிக்கிறா பாரு. யாராலயும் பிடுங்க முடியல" என்று அவர் சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

மிட்ஃபீல்டர் பிழைப்பைப் பற்றி ஆணியே சொல்வாள்: "கோல் போடுறவளுக்குப் படம் வரும். கோல் தடுக்கிறவளுக்குக் கைதட்டல் வரும். நடுவுல இருக்கிறவளுக்கு மூச்சு மட்டும்தான் வரும்." எதிரணிக்காரி பந்தை வாங்கித் திரும்புவதற்குள் போய் முன்னால் நிற்க வேண்டும். பிடுங்கிய பந்தை நல்ல இடத்தில் நிற்பவளிடம் தள்ளிவிட்டு அடுத்த பந்துக்கு ஓட வேண்டும். தொண்ணூறு நிமிடமும் இதுதான். எட்டு வருடம் இதை ஒருவரும் குறை சொல்லாதபடி செய்தாள். உதடு கிழிந்து தையல் போட்ட மறுவாரமே ஆடினாள். கிளப் என்னவோ லீக் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் நடுவில் உழன்றுகொண்டிருந்தது. ஆனால் மேட்சுக்கு முந்தின நாள் உடை மாற்றும் அறைக் கதவில் பெயர்ப் பட்டியல் ஒட்டும்போது எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு பார்ப்பார்கள். ஆணி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே பூட்ஸ் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். தன் பெயர் இருக்குமா என்ற சந்தேகமே அவளுக்கு வந்ததில்லை.

வீட்டில் அவளும் அம்மாவும் அண்ணனும்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அண்ணன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவன், சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்திருந்தான். அவள் பதினாறு வயதுப் பெண்ணாக இருந்ததிலிருந்தே பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவன்தான். கணுக்காலுக்கு டேப் சுற்றுவதைக் கிளப் மருத்துவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். வேறு யார் சுற்றினாலும் அவளுக்குப் பிடிக்காது.

அவளுக்கு இருபத்தேழு வயதானபோது சிட்டு வந்து சேர்ந்தாள். இருபத்தொரு வயது, வேறு ஊர்க்காரி, கிளப் விடுதியில் தங்கியிருந்தாள். உருவமும் சின்னது, வேகமும் அந்த மாதிரி, அதனால் சிட்டு. ஓரத்தில் ஓடுகிறவளாகத்தான் எடுத்தார்கள். விடுதி நம் வழியில்தானே இருக்கிறது என்று அவளையும் வேனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னது வேறு யாருமில்லை, ஆணிதான். ஆணி முன் இருக்கையில், சிட்டு பின்னால் மெஷின் டிரம்களுக்கும் ரப்பர் குழாய்களுக்கும் நடுவில்.

ஒரு மழைக்காலத்தில் ஆணி பத்து நாள் காய்ச்சலில் படுத்தாள். அந்தப் பத்து நாளும் அண்ணன் விடுதிக்குப் போய் சிட்டுவை மட்டும் மைதானத்தில் விட்டுவிட்டு வந்தான். அதில் என்ன இருக்கிறது என்று ஆணி அப்போது யோசிக்கவில்லை. அடுத்த வருடம் இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து ஆணியுடையது.

"இனிமே அவளை அண்ணின்னு கூப்பிடு" என்றாள் அம்மா.

"என்னைவிட ஆறு வயசு சின்னவம்மா."

"வயசு கம்மின்னா முறை மாறிடுமா? அண்ணன் பொண்டாட்டி அண்ணிதான்."

அவள் வீட்டில் ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டதுதான் தாமதம், மறுநாளே அணி முழுக்க சிட்டுவை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கோச் ஓரத்திலிருந்து "ஆணி" என்று கத்தினால் இரண்டு பேரும் திரும்பினார்கள். நாலு நாள் பொறுத்துப் பார்த்த கோச், "குடும்பத்தை எல்லாம் கேட்டுக்கு வெளிய விட்டுட்டு வாங்கம்மா" என்று சலித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆணியும் சிரித்தாள், உதட்டளவில்.

எரிச்சல் சின்னச் சின்ன விஷயத்தில்தான் தொடங்கியது. ஒரு நாள் காலையில் கீழே வந்தபோது முன் இருக்கையில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆணியைப் பார்த்ததும் பதறி, "அக்கா, நீங்க முன்னாடி வாங்க" என்று இறங்கப் போனாள். "இரு இரு. அவ பின்னாடி கால் நீட்டி உக்காருவா, அவளுக்கு அதான் வசதி" என்றான் அண்ணன். அப்படி ஒரு வசதி தனக்கு இருப்பது ஆணிக்கு அன்றுதான் தெரிந்தது. டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் இருவரும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். இன்னொரு நாள் டேப் சுற்றக் காலை நீட்டினாள். முதலில் மனைவி காலுக்குச் சுற்றி முடித்திருந்த அண்ணன் வெறும் அட்டைச் சுருளைக் காட்டினான். "தீந்துபோச்சு. இன்னைக்கு ஒரு நாள் டாக்டர்கிட்டயே சுத்திக்கயேன்." அதுகூடப் பரவாயில்லை. சிட்டு நல்லவளாக இருந்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், குளியலறையைக் கழுவி விடுவாள். குறை சொல்ல ஒரு பிடி கிடைக்காதா என்று ஆணி தேடித் தேடிக் களைத்துப்போனாள்.

பிறகு வீட்டு விஷயம் மைதானத்துக்குள்ளும் வந்தது. சிட்டுவை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றிப் பார்த்தார் கோச். அவள் பந்தைப் பிடுங்கினாள், பிடுங்கிய பந்தோடு முன்னேறவும் செய்தாள். ஆணிக்கு வராதது அந்த இரண்டாவது விஷயம். மூன்றாவது வாரம் கோச் ஆணியைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு நீ பெஞ்ச்ல இரு. கடைசி இருபது நிமிஷம் உன்னை இறக்குறேன்" என்றார். அந்த வாரம்தான் எழுந்துபோய்ப் பட்டியலைப் பார்த்தாள். பதினோரு பெயருக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அவள் பெயர்.

அதற்குப் பிறகு மேட்சுக்கு மேட்ச் இதே கதைதான். எழுபதாவது நிமிடம் ஆள் மாற்றும் பலகையைத் தூக்குவார்கள். களைத்துப்போன சிட்டு வெளியே வந்து இரண்டு கையையும் நீட்டுவாள், ஆணி தட்டிவிட்டு உள்ளே ஓட வேண்டும். ஊரே பார்க்கிற இடத்தில் தட்டாமல் இருக்க முடியுமா? தட்டுவாள். உள்ளங்கை எரியும்.

இப்படி ஒரு வருடம் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்த அழைப்பு வந்தது. ஆணி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பேசியவர் லீக்கில் முதலிடத்தில் இருந்த கிளப்பின் பெண் கோச்.

"உங்க டீம்ல இருக்கிற சின்னப் பொண்ணை எடுக்கலாம்னு இருக்கோம். அவங்ககிட்ட இன்னும் பேசல. நீங்க சீனியர், ஒரே வீட்டுலயும் இருக்கீங்க. அதான் உங்ககிட்ட முதல்ல கேக்கிறேன். காயம் கீயம் ஏதாவது உண்டா?"

ஆணி கையில் சிட்டுவின் ஜெர்சி ஈரமாக இருந்தது. அதை உதறிக் கம்பியில் போட்டாள்.

"இதை நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம்" என்றாள். "அண்ணிக்கு முட்டி சரியில்லை. இடது முட்டி."

"அப்படியா? ஓடுறதைப் பார்த்தா தெரியலயே."

"ஓடும்போது தெரியாது. படி இறங்கும்போது பிடிச்சுக்கும். மழை நாள்ல வீங்கும். காலையில எந்திரிச்சதும் அரை மணி நேரம் மடக்க முடியாது."

கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது. வராமல் என்ன செய்யும்? அது அவளுடைய சொந்த முட்டி. இரண்டு வருடமாக ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த வலியைத் தூக்கி அண்ணி காலில் மாட்டிவிட்டாள்.

"நல்லவேளை சொன்னீங்க" என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை ஆணிக்கு மனது லேசாக இருந்தது. மூன்று வாரம் கழித்து, பெஞ்சில் வழக்கம்போல் தண்ணீர் பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. சிட்டு போயிருந்தால் இந்த நடு இடம் யாருக்கு வந்திருக்கும்? தனக்குத்தானே. போகவிருந்தவளைத் தானே கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, கூடவே தன்னையும் இந்தப் பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறாள். இதை யாரிடம் சொல்லி அழுவது? அழ வழியில்லாமல் முழு மேட்சையும் பார்த்தாள். அன்று கோச் அவளை இறக்கவே இல்லை.

அடுத்த சீசனில் அந்தப் பெரிய கிளப்போடு கோப்பை ஆட்டம் வந்தது. சிட்டு பிரமாதமாக ஆடினாள். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் கோச் நேராக அவளிடம் வந்தார்.

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா இப்படி ஓடுற? அது மட்டும் இல்லேன்னா போன சீசனே உன்னை எடுத்திருப்போம்."

"எந்த முட்டி மேடம்?"

நாலடி தள்ளி பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆணி நிமிரவில்லை. அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதையோ புரிந்துகொண்டவர் போல நகர்ந்துவிட்டார்.

 வீடு வந்து, அண்ணன் குளிக்கப் போன பிறகு ஆணி இருந்த சமையலறைக்கு சிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"மாடிப்படி இறங்கும்போது நீங்க கைப்பிடியைப் பிடிக்கிறதை நான் பார்த்திருக்கேன் அக்கா. உங்க முட்டியைத்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

ஆணி எவ்வளவோ பதில் தயாரித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான். "வயித்தெரிச்சல்."

சிட்டு சுவரில் சாய்ந்து நின்றாள். "நான் போயிருந்தா நீங்கதானே ஆடியிருப்பீங்க."

"அது எனக்கு மூணு வாரம் கழிச்சுதான் தோணுச்சு."

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறியது. ஆணி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிட்டு சொன்னாள்: "உங்க அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும். நாளைக்குள்ள."

மறுநாள் அண்ணன் மெஷின் பாகம் வாங்கக் கிளம்பியபோது ஆணி கூடப் போனாள். முன் இருக்கையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் கேட்டுக்கொண்டே ஓட்டினான். சிக்னல் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினான்.

"இறங்கு."

"அண்ணா..."

"எனக்குக் கோபம் வர்றதுக்குள்ள இறங்கிடு."

அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தாள். அதன் பிறகு ஐந்து மாதம் அதே வீட்டில் இருந்துகொண்டு அண்ணன் அவளோடு பேசவில்லை. அவன் வேனில் அவள் ஏறவும் இல்லை. மைதானத்துக்குப் பேருந்தில் போனாள். வேண்டியதெல்லாம் அம்மா வழியாகத்தான். என்ன நடந்தது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று கேட்டுக்கொண்டே பாவம் அவள் செய்தி கொண்டுபோனாள்.

சீசன் முடிந்ததும் பெரிய கிளப் சிட்டுவை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தது. இரண்டு முட்டியையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அண்ணனும் வேனைத் தூக்கிக்கொண்டு அவளோடு போய்விட்டான். வாஷிங் மெஷின் எந்த ஊரில்தான் கெட்டுப்போகாது? கிளம்பும்போது சிட்டு, "போயிட்டு வரேன் அக்கா" என்றாள். அண்ணன் சொல்லிக்கொள்ள மேலே வராமல் கீழேயிருந்து ஹாரன் அடித்தான்.

ஆணிக்கு நடு இடம் திரும்பக் கிடைத்தது. முப்பத்தொரு வயதில் பதினேழு ஆட்டம் முழுதாக ஆடினாள். நன்றாகவே ஆடினாள் என்று கோச்சும் சொன்னார். ஆனால் வாரக் கடைசியில் தன் ஆட்டம் முடிந்ததும் அவள் முதலில் பார்த்தது சிட்டுவின் கிளப் ஆட்டத்தின் முடிவைத்தான். சிட்டு கோல் போட்டிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பதினெட்டாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில் முட்டி மடங்கியது, பிறகு நிமிரவில்லை. அறுவைச் சிகிச்சை செய்தும் பழைய ஓட்டம் வரவில்லை. முப்பத்திரண்டில் விளையாட்டு முடிந்தது. இப்போது நகராட்சி மைதான அலுவலகத்தில் இருக்கிறாள். எந்த அணிக்கு எந்த மைதானம், எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடும் வேலை.

போன மாதம் சிட்டு தேசிய அணிக்காக முதல் முறை ஆடினாள். அம்மாவும் ஆணியும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சிட்டு கொடுத்த ஒரு பாஸை வர்ணனையாளர் வாய் ஓயாமல் புகழ்ந்தார்.

"ரெண்டு அடி முன்னாடி போட்டிருக்கணும்" என்றாள் ஆணி. "வாங்கினவ நின்னு வாங்குறா பாரு."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "உனக்கு இன்னும் அடங்கலயா?"

"அடங்கல."

ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஆணியே சிட்டுவுக்குப் போன் செய்தாள். வாழ்த்து சொன்னாள். சொல்லிவிட்டு, அந்தப் பாஸைப் பற்றியும் சொன்னாள்.

"தெரியும் அக்கா. அடிச்சதுமே தெரிஞ்சது" என்றாள் சிட்டு. "இங்க ஒருத்தரும் அதைச் சொல்லல. இருங்க, உங்க அண்ணன்கிட்ட கொடுக்கிறேன்."

"பாஸை ரெண்டு அடி முன்னாடி போட்டிருக்கணுமாம்" என்று சொல்லி அவள் போனை நீட்டுவது கேட்டது. பிறகு அண்ணன், "ம், சொல்லு. ரெண்டு அடியா?" என்றான்.

"ஒன்றரைன்னு வச்சுக்க" என்றாள் ஆணி.