கட்டாத பொட்டலம்

இன்று வெண்ணந்தூர்க்காரர் ஒருவர் மகளோடு என் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு சாய்ஸ் போட வேண்டும்.

"கோயில்ல சாமி முன்னால பூப்பொட்டலம் போட்டு எடுத்துப் பாத்தாச்சுங்க. வெள்ளைப்பூப் பொட்டலம் வந்துச்சு. எலெக்ட்ரிக்கலே போடுங்க."

அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எது புடிக்கும் சாமி?" என்று அவளைக் கேட்டேன்.

"ரோபோட்டிக்ஸுங்க."

அப்பாவிடம் திரும்பினேன். "அதுக்குச் சாமி உத்தரவு குடுக்கலீங்களா?"

"அதைக் கேக்கவே இல்லீங்க. வெள்ளைன்னா எலெக்ட்ரிக்கல், செவப்புன்னா எலெக்ட்ரானிக்ஸ். ரெண்டு பொட்டலந்தானுங்களே கட்டுவாங்க? எடுத்தது இவதானுங்க."

அதைச் சொல்லும்போது அவருக்கு அத்தனை பெருமை.

எலெக்ட்ரிக்கலைப் போட்டேன். உறுதிசெய்ய ஓடிபி அவள் போனுக்குத்தான் வந்தது. அதையும் அவளே படித்துச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகும் மனசு சரியில்லை.

உங்கள் வீட்டில் உங்களுடைய எந்த ஆசைக்குப் பொட்டலமே கட்டாமல் விட்டார்கள்?