அம்மா நிறுத்தச் சொல்லாத ரம்பம்

நான் ஆராய்கிற பூச்சிக்கு ரம்ப ஈ என்று பெயர். ஈ என்பது பெயரில் மட்டும்தான். உறவுமுறையில் அது குளவிக்கும் எறும்புக்கும் பெரியம்மா. பெண் பூச்சியின் வயிற்று நுனியில் ரம்பம் போல ஓர் உறுப்பு உண்டு. அதனால் இலையைக் கீறி உள்ளே முட்டையிடும். துறையூர்ப் பக்கம் முள்ளங்கி போடுகிறவர்களுக்கு அதன் கறுத்த புழுவைத்தான் தெரியும்.

அம்மாவுக்கு இவ்வளவு விவரம் வேண்டியிருக்கவில்லை, பெயரே போதுமாக இருந்தது. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்ட நான், ஞாயிற்றுக்கிழமைகளில் கைலாசபுரத்தில் அப்பாவின் குவார்ட்டர்ஸுக்குப் போவேன். ஆய்வகக் கதையை ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே, "போதும்டி ரம்பம்," என்பாள். அப்பா சிரிப்பார். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியபோது மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது புற்று. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும், உயிர் நிற்கும், பேச்சு போய்விடும் என்றார் டாக்டர். சாப்பிட முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நாளைக்குக் குரல் போகப் போகிறவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பயந்து உட்கார்ந்திருந்தேன். அவளே கரகரத்த குரலில் கேட்டாள்.

"அந்தப் பூச்சிய வச்சுக்கிட்டு என்னதான்டி பண்ற? சொல்லு."

அவள் கேட்டது அதுவே முதல் தடவை. சொல்ல ஆரம்பித்தேன். ஒரே வயலில் பிடித்த இரண்டு பூச்சிகள், பார்த்தால் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கின்றன. ஒரே இனமா, வேறு வேறா என்று தெரிய வேண்டும். ஒரு காலை மட்டும் எடுத்து அரைத்து, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் படிக்கிறோம். அது செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற சின்ன உறுப்பு, அதன் டி.என்.ஏ. அம்மா வழியாகத்தான் வரும். இதைச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. அதில் முப்பத்தேழு மரபணுக்கள், பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கும். ரம்ப ஈக்களில் பெரும்பாலும் பழைய வரிசைதான். ஒன்றிரண்டு இடம் மாறியிருந்தால், டி.என்.ஏ. எழுத்துகளோடு அதையும் ஒப்பிட்டு, வம்சத்தில் எது எந்தக் கிளை என்று பார்ப்போம். 'போதும்டி' என்று எப்போது சொல்வாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே பேசினேன். அவள் சொல்லவே இல்லை. நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை பேசினேன்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் உறைத்தது. அம்மாவுக்குக் குரல் இருந்த கடைசி ஒரு மணி நேரம் முழுக்க நான் பேசியிருக்கிறேன். அவள் என்ன சொல்ல இருந்தாளோ, வாயைத் திறக்க விடவில்லை. விடிந்ததும் ஃபோன் செய்தேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் அப்பா.

அம்மா பிழைத்தாள். இப்போது கழுத்துத் துளை வழியாக மூச்சு, கோடு போட்ட நோட்டில் பேச்சு. ரசத்துக்கு உப்பு போதவில்லை என்பதைக்கூட எழுதித்தான் காட்டினாள். நான் அவள் முன்னால் பூச்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆய்வு முடிவு வந்ததைக்கூடச் சொல்லவில்லை. இரண்டு மாதம் அப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஏதாவது சொல்லணும்னு இருந்தியாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினாள்.

"ஒன்ன ஒரு நாளும் பேச விட்டதில்லையேன்னு சொல்ல நெனச்சேன். நீ பேசிக்கிட்டு இருந்த. சரி, பேசட்டும்னு விட்டுட்டேன்."

நான் படித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, நோட்டை வாங்கி அதன் கீழேயே இன்னொரு வரி எழுதினாள்.

"ரெண்டு பூச்சியும் ஒண்ணுதானா?"

"வேற வேறம்மா," என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, நான் மேலே சொல்வதற்காகக் காத்திருந்தாள்.