கோல் போஸ்டுக்குப் பின்னால் மேளம்

பந்து மேல்கம்பத்தைத் தாண்டிப் பறந்து பின்னாலிருந்த தென்னந்தோப்புக்குள் விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று, எங்கள் கல்லூரி தோற்றுவிட்டது. தோற்பது புதிதில்லை. ஆனால் தோற்கடித்ததே நாங்கள்தானோ என்ற பயத்தில் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்ற எங்கள் கூட்டத்தில் யாரும் அசையவில்லை.

கடைசி நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்திருந்தது. அடித்தால் சமன். எங்கள் மேளக்காரன் என் வகுப்பு, காரமடைப் பக்கத்துக்காரன். ஊர்க் கோயில்களில் ஜமாப் மேளம் அடித்து வளர்ந்த கை அது. பெனால்டியின்போது மூச்சு விடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். அவனும் குச்சியை இறக்கித்தான் வைத்திருந்தான். கேப்டன் பந்தைப் புள்ளியில் வைத்தார். அதைத் தொட்டு, வழக்கம்போல இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தீபாராதனையை ஒற்றிக்கொள்வது போலவே. அவ்வளவுதான், தீபாராதனைக்கு அடித்தே பழகிய இவன் கை தானாக எழுந்துவிட்டது. அவர் ஓடி வந்து காலை வீசவும் மேளம் இடியாக விழவும் சரியாக இருந்தது.

லீக்கில் இன்னொரு தோல்வி என்றால் கதை முடிந்தது. கேப்டனுக்கு இது கடைசி வருடம். சனிக்கிழமை ஆட்டத்தில் மறுபடி பெனால்டி வந்தால் அவர் கால் அந்தப் புள்ளிக்குப் போகுமா?

கேட்டில் எதிரணி ரசிகர்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் கெட்ட வார்த்தை பேசவில்லை.

"ஏனுங் தம்பி, எல்லா மேட்ச்சுக்கும் மோளத்தோட வந்துருங்க. வண்டி வேணும்னா நாங்களே அனுப்பி உடறோம்."

"குச்சிய மறந்துபோட்டு வந்துராதீங்க கண்ணு!"

அடிக்க வந்திருந்தாலாவது ஓடியிருப்போம். இந்த மரியாதைக்கு எங்கே ஓடுவது?

அணியும் நாங்களும் ஒரே பஸ். பொள்ளாச்சி ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். கேப்டன் முன்சீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் திரும்பிப் பார்க்கறாராடா?" என்றான் மேளக்காரன்.

"இல்லடா."

"அதுதாண்டா பயமா இருக்குது. ரண்டு அறை உட்டுட்டாக்கூடப் பரவால்ல."

வேகத்தடையில் பஸ் குதிக்க, மேளம் 'டும்' என்றது. அவன் பதறி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். முன்னாலிருந்து ஒரு குரல்: "இங்கயுமா சாமி?" யாரும் சிரிக்கவில்லை.

உக்கடம் நெருங்கும்போது கேப்டன் எழுந்து பின்னால், மேளக்காரனிடம் வந்தார். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வா."

"எதுக்குங்ணா?"

"மோளத்தோட வா."

இதற்கு என்ன அர்த்தம்? வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. மேளத்தை உடைக்கப் போகிறார் என்று ஒருத்தன், இல்லை, மேளக்காரனைத்தான் என்று இன்னொருத்தன். மேளக்காரன் எனக்குத் தனியாகப் போன் செய்தான்: "அது கோயில் மோளம்டா. உடைஞ்சா எங்க பெரியப்பா என்னையக் கொன்னுபோடுவாரு."

காலையில் அவனுக்குத் துணையாக நானும் போனேன். மைதானத்தில் கேப்டன் மட்டும் இருந்தார். எங்களை வலைக்குப் பின்னால் நிறுத்தினார்.

"நான் ஓடி வர்றப்ப அடி."

அடித்தான். பந்து எங்கேயோ போனது. இவன் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, சனிக்கிழமை நான் வர்லீங்ணா. ஊட்லயே இருந்துக்கறேன்."

"நீ இருந்துக்குவே. சனிக்கிழமை எதிர்ல வர்றவனுங்க பட்டாசு வெடிப்பானுங்களே, அதுக்கு நான் எங்க போய் இருந்துக்கறது?"

பந்தை மறுபடி வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். இவ்வளவு பக்கத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. ஒற்றிய கைகளைக் கண்ணிலிருந்து எடுக்காமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நின்றார். அவருக்கும் பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நேற்றைய பயமெல்லாம் அப்போது ஒன்றுமில்லாமல் போய், அவர் பயம் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அடிடா!"

மேளம் அதிர்ந்தது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி உருண்டது. ஓடிப்போய் எடுத்து அவரிடம் வீசினேன். அவர் என்னைப் பார்க்காமலே அதைப் புள்ளியில் வைத்தார்.