அன்னாசிப்பழச் சூரியன்

2019 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மலேசியாவின் தென் ஜொகூரில் கங்கண சூரிய கிரகணம். மத்தியான நேரத்தில் சூரியன் நெருப்பு வளையலாக மாறப்போகிறது. அதுவும் பெக்கான் நானாஸில், எங்கள் வீட்டு வாசலிலேயே தெரியுமாம். பல வருடங்களாக வானியல் புத்தகங்களை வாங்கிக் குவித்துவிட்டு, கேட்க ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவன் நான். வானமே மனமிரங்கி எனக்கு மேடை போட்டுக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன்.

விடுமுறைக்குப் பாசிர் கூடாங்கிலிருந்து என் தங்கையும் அவள் மாமியாரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். தங்கைக்கு அப்போது மூன்றாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய கரு. மாமியார் காலையிலேயே ஓர் அறையின் ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மருமகளை உள்ளே உட்காரவைக்கத் தயாராக இருந்தார்.

நான் விடுவேனா? சமையலறைச் சாமான்களைக் கொண்டுவந்து கூடத்தில் பாடம் நடத்தினேன். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும் அன்னாசிப்பழம்தான் சூரியன். அந்தக் கணக்குக்குப் பூமி ஒரு கடுகு. நிலா ஒரு ரவைத் துணுக்கு. இத்தனூண்டு ரவை அத்தனை பெரிய பழத்தை மறைப்பது நமக்குப் பக்கத்தில் இருப்பதால்தான், ராகுவுக்கு இதில் வேலையே இல்லை என்றேன். அதோடு நிறுத்தினேனா? வாயு மேகம் சுருங்கிச் சூடேறிச் சூரியன் பிறந்ததையும், அது இப்போது என்னைப் போல நடுவயதில் இருப்பதையும், கடைசிக்காலத்தில் ஊதிப் பெருக்கப்போவதையும் சொன்னேன். ஊதுவதில் மட்டும் நான் சூரியனை முந்திக்கொண்டிருந்தேன்.

மாமியார் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. புள்ளத்தாச்சி முன்னாடி அன்னாசிப்பழத்த எதுக்குக் கொண்டாந்து வச்சீங்க?"

கர்ப்பிணிக்கு அன்னாசி ஆகாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது என் படித்த மண்டைக்கு எட்டவே இல்லை. தங்கை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டு, கிரகணக் கண்ணாடியை நீட்டி அவளை வெளியே கூப்பிட்டேன். அவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், எழுந்து வந்தாள். மேகம் விலகி வளையம் தெரிந்தபோது, சிறுபிள்ளை மாதிரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சில வாரங்களில் கரு கலைந்துவிட்டது.

தொடக்கத்திலிருந்தே வளர்ச்சி சரியில்லை, யார் என்ன செய்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். மாமியார் அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் மட்டும், கிரகணத்தன்று மருமகள் வெளியே போய் நின்றதைத் தணிந்த குரலில் சொல்லிவைத்தார். கேட்டவர்கள் எல்லாரும் திரும்பித் தங்கையைப் பார்த்தார்கள். சும்மா மேசையில் இருந்த அன்னாசிப்பழத்தை, சொந்தக்காரர்கள் வாய் வழியாகக் கதை போகப் போக, அவள் நறுக்கித் தின்றே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாசிர் கூடாங் போனேன், வாதங்களைச் சுமந்துகொண்டு. மாமியார் தேநீர் கொடுத்தார். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தங்கை அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன். நிழல் நிழல்தான், அது உடம்பை ஒன்றும் செய்யாது. அன்றைக்கு அக்கரையில் சிங்கப்பூரில் எத்தனை கர்ப்பிணிகள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள் தெரியுமா என்றெல்லாம்.

அவள் கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க சொல்றது சரிதாண்ணே. டாக்டரும் அதான் சொன்னாங்க. ஆனா அன்னிக்கு நான் ரூமுக்குள்ளயே இருந்திருந்தா, இது எனக்கு நடந்ததா இருந்திருக்கும். இப்ப நான் செஞ்சதா ஆயிருச்சு லா."

ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வீடு திரும்பினேன். அன்று நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனாலும் இன்றுவரை, ஒரு பெண்ணைத் துணிந்து வெளியே வா என்று கூப்பிட வாயெடுக்கும்போதெல்லாம், அவள் திரும்பிப் போய் வாழவேண்டிய வீட்டில் நான் இருக்கப்போவதில்லை என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.